கையால் வரையும் அனிமேஷன்: முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

வேலூரில் ஏப்ரல் மாதம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் வரைவதைப் பற்றியது இல்லை, ஃபேனைப் பற்றியது. ஃபேன் ஓடினால் தாள் பறக்கும். நிறுத்தினால் நெற்றி வியர்வை சொட்டிப் பென்சில் கோடு ஈஷிக்கொள்ளும். விடியற்காலை 5 மணிக்கே உட்கார்ந்துவிடுவது நல்லது. முடியாதவர்கள் டேபிள் ஃபேனைக் கால் பக்கமாகத் திருப்பிவிட்டு, வரையும் கைக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகள் இப்படித்தான் வரைகிறார்கள்.

நான் சென்னையில் சில வருடங்கள் வெளிநாட்டுத் தொடர்களுக்கு இன்பிட்வீன் வரைந்தவன். இன்பிட்வீன் என்றால் என்ன என்று பிறகு சொல்கிறேன். ஊர் திரும்பியபின் என்னிடம் அதிகம் பேர் சொன்ன வார்த்தை, “எனக்கு வரைய வராதுங்க.” அது பெரிய தடை இல்லை. ஒரு வட்டத்தைச் சுமாராகப் போட வந்தால் தொடங்கிவிடலாம். இந்தக் கலை தாளில் இருப்பதைவிட, ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில்தான் அதிகம் இருக்கிறது. கனடாவில் வேலை செய்த அனிமேட்டர் நார்மன் மெக்லாரனும் ஏறக்குறைய இதையே சொன்னார். அழகாக வரையத் தெரிந்த பலர் இந்த இடைவெளிக் கணக்கு பிடிபடாமல் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

சாமான்கள்

A4 தாள் ஒரு ரீம், அதாவது 500 தாள். 75 ஜி.எஸ்.எம். போதும். தடித்த தாள் வாங்கினால் கீழ்த்தாளின் கோடு மேலே தெரியாது, காசும் வீண். HB பென்சில், ரப்பர், முதல் கிறுக்கலுக்கு வெளிர் நீலக் கலர் பென்சில் ஒன்று.

அடுத்தது தாள்கள் நகராமல் பிடிக்கும் பெக். 1914-ல் அமெரிக்காவில் விண்சர் மெக்கே தன் டைனோசர் படத்தை வரைந்தபோது தாளின் மூலைகளில் குறுக்குக் கோடு போட்டுத்தான் ஒன்றோடொன்று ஒத்துவைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ராவுல் பாரே என்பவர் தாளில் துளை போட்டு முளையில் மாட்டும் வழியைக் கொண்டுவந்தார். இன்றுவரை அதுதான் வழி. ஸ்டுடியோக்களில் நடுவில் உருண்டையும் இருபக்கமும் தட்டையுமாக மூன்று முளை இருக்கும். நமக்கு அதெல்லாம் வேண்டாம். ஃபைலில் கோர்க்கத் துளை போடும் சாதாரணப் பஞ்சிங் மெஷின் போதும். அதன் இரு துளைகளுக்கும் நடுவே 80 மி.மீ. இருக்கும், துளை 6 மி.மீ. சுற்றளவில்லை, குறுக்களவு. ஒரு மரச்சட்டத்தில் அதே 80 மி.மீ. இடைவெளியில் இரண்டு முளை அடித்தால் பெக் தயார்.

முளைக்கு நான் முதலில் 6 மி.மீ. போல்ட் வைத்தேன். அதன் மரை ரம்பம் மாதிரி துளையைத் தின்றுவிட்டது. பத்து முறை மாட்டிக் கழற்றியதும் துளை லொடலொடத்து, படம் முழுக்க நடுங்கியது. இப்போது மூங்கில் குச்சியை உப்புத்தாளில் தேய்த்து, துளைக்குள் இறுக்கமாகவும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் போகும் அளவுக்குக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறேன். துளை போடும்போது ஒரு தடவைக்கு ஐந்து தாளுக்கு மேல் சொருகாதீர்கள். பேராசைப்பட்டு இருபது தாளை அழுத்தினால் அடித்தாளின் துளை கோணிக்கொள்ளும். தாளை அகலவாக்கில் வைத்து நீளமான விளிம்பில், நம் பக்கமாகத் துளை வரட்டும்.

வெளிச்சத்துக்கு 5 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்று, கடையிலேயே ஓரம் தேய்த்து வாங்குங்கள். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்து, கீழே 9 வாட் எல்.இ.டி. பல்பு. கண்ணாடியின் அடியில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினால் வெளிச்சம் கண்ணில் குத்தாது. கரண்ட் போனால் ஜன்னல் கண்ணாடி இருக்கவே இருக்கிறது.

பிளிப்

தாளை மாட்டியதும் பென்சிலை எடுத்துவிடாதீர்கள். முதலில் இடது கையைப் பழக்க வேண்டும். ஐந்து தாள் மாட்டுங்கள். அடித்தாள் கண்ணாடிமேல் படுத்திருக்கட்டும். அடுத்த தாளின் மேல்விளிம்பு சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே. அதற்கடுத்தது மோதிரவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே. பிறகு நடுவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே. மேல்தாள் ஆள்காட்டிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே. இப்போது தாள்களைச் சுருட்டித் தூக்கி, விரல் விரலாகத் தாழ்த்துங்கள். ஆர்மோனியக் கட்டையில் விரல் ஓடுவது போல இருக்கும். அடியிலிருந்து ஐந்து படமும் வரிசையாகக் கண்முன் வந்துபோகும். இதற்குப் பேர்தான் பிளிப்.

முதல் நாள் தாள் கசங்கும், இரண்டாம் நாள் விரல் வலிக்கும், ஒரு வாரத்தில் வந்துவிடும். பழைய அனிமேட்டர்களுக்குத் திரை என்பது இதுதான். படம் பிடித்து, கழுவி, ஓட்டிப் பார்க்க நாள் ஆகும். அதுவரை விரல்தான் புரொஜெக்டர். போன் ஆப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வரைந்துகொண்டிருக்கும்போதே தப்பைப் பிடிக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பந்து

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்குக் காட்டினால் நொடிக்கு 12 படம் போதும், கண் ஏற்றுக்கொள்ளும். இந்தத் தொழிலில் பெரும்பாலான நடிப்பு இப்படி இரண்டிரண்டாகத்தான் வரையப்படுகிறது. தாளுக்கு அது தொடங்கும் பிரேமின் எண்ணையே போடுவோம், அதனால் தாள் எண்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகப் போகும்.

ஒரு ரப்பர் பந்து தரையில் பட்டு, மேலே போய், மறுபடி தரையைத் தொடுவது ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். 1-ஆம் தாளில் பந்து தரையில். 13-ல் உச்சியில். தாளில் உச்சிக்கும் தரைக்கும் 14.4 செ.மீ. இருக்கட்டும். இந்த வினோத எண் எதற்கு என்று உடனே தெரிந்துவிடும்.

என்னிடம் வரும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 14.4-ஐ ஆறால் வகுத்து, 2.4 செ.மீ.க்கு ஒரு பந்தாக அழகாக அளந்து வரைந்தான். ஓட்டிப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. “இன்னாண்ணா, லிஃப்ட்டு மாதிரி ஏறி இறங்குது?” லிஃப்ட்தான். சமமான இடைவெளி என்றால் சமமான வேகம். சமமான வேகத்தில் எந்தப் பந்தும் விழாது.

விழும் பொருள் சம நேரத்தில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7, 9, 11 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும் என்று கலிலியோ கண்டார். அதைத் தாளுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பங்கு 0.4 செ.மீ. 13-ஆம் தாள் உச்சி. அங்கிருந்து கீழே அளந்தால் 15-ஆம் தாளில் பந்து 0.4 செ.மீ., 17-ல் 1.6, 19-ல் 3.6, 21-ல் 6.4, 23-ல் 10, அப்புறம் 14.4-ல் தரை. உச்சியருகே பந்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும், தரையருகே எட்டி எட்டி நிற்கும். உண்மையான பொருளும் அரை நொடியில் சுமார் 1.2 மீட்டர் விழும். ஆக நீங்கள் வரைந்திருப்பது நெஞ்சு உயரத்திலிருந்து கைநழுவிய பந்து.

ஏறும்போது இதே கணக்குத் தலைகீழ். 11-ஆம் தாளும் 15-ஆம் தாளும் ஒன்றே, 9-ம் 17-ம் ஒன்றே. எனவே நீங்கள் வரையவேண்டியது 1 முதல் 13 வரை ஏழே ஏழு தாள். மீதியை அதே தாள்களைப் பின்வரிசையில் போட்டே சமாளிக்கலாம். பந்து ஒருபோதும் ஓயாமல் ஒரே உயரத்துக்குத் துள்ளும். அது பொய்தான், பயிற்சிக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

இது ஓடியதும் 1-ஆம் தாளில் பந்தைக் கொஞ்சம் நசுக்குங்கள், 3-ஆம் தாளில் போகும் திசையில் நீட்டுங்கள். ஒரு விதி மட்டும் மீறக்கூடாது. உயரம் குறைந்தால் அகலம் கூடியே ஆகவேண்டும். அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் குறைத்தால் பந்து காற்றுப்போன பந்தாகிவிடும். இதே ஏழு தாளில் இரும்புக் குண்டு வரைய முடியுமா? முடியாது. அது நசுங்காது, துள்ளாது, ஒருமுறை தொம்மென்று விழுந்து லேசாக அசைந்து நின்றுவிடும். கனம் என்பதை நிழல் போட்டுக் காட்ட முடியாது, இடைவெளியில்தான் காட்ட முடியும்.

கை எங்கே?

இப்போது இன்பிட்வீன். ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மூத்த அனிமேட்டர் வரைவார். அவை கீ. அவற்றுக்கு நடுவே வரும் தாள்களை வரைபவன் இன்பிட்வீனர். மட்டமான வேலை என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு காட்சி கொடுத்தார்கள். ஒரு பெண் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் கையைத் தலைக்குமேல் தூக்குகிறாள். கீ இரண்டும் இருக்கின்றன, நடுத்தாள் ஒன்று நான் போடவேண்டும். லைட் பாக்ஸில் இரண்டையும் வைத்து, விரல்நுனிக்கும் விரல்நுனிக்கும் சரியாக நடுவே அளந்து வரைந்துகொடுத்தேன். சூப்பர்வைசர் இரண்டு முறை பிளிப் செய்தார். ஒன்றும் பேசாமல் தாள் ஓரத்தில் “கை எங்கே?” என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார்.

கை சுருங்கியிருந்தது. தோளை மையமாக வைத்துச் சுற்றும் கை வளைவில் போகிறது. நான் இரு நுனிகளையும் நேர்கோட்டில் இணைத்து அதன் நடுவை எடுத்திருக்கிறேன். 10 செ.மீ. கை நடுத்தாளில் 7 செ.மீ. ஆகியிருந்தது. கதவு திறப்பதிலிருந்து தலை திரும்புவது வரை நடுத்தாளை வளைவின்மேல்தான் வைக்கவேண்டும். முதலில் நீலப் பென்சிலால் அந்த வளைவை லேசாகப் போட்டுக்கொண்டு, அதன்மேல் நிலைகளைக் குறித்துவிட்டு, அதன்பின் வரையுங்கள்.

கோட்டையில் ஒரு நாள்

கீ நிலையைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் யாருக்கும் புத்தகம் தருவதில்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போகிறேன். தூண்களில் முன்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகள், யாளிகள், மேலே வீரர்கள். கல்லில் ஒரே ஒரு கணத்தைத்தான் காட்ட முடியும். எந்தக் கணம் என்று சிற்பி முடிவு செய்திருக்கிறான்.

ஒரு குதிரையைப் பிடித்து முதலில் வெளிக்கோட்டை மட்டும் போட்டு, உள்ளே முழுக்கக் கறுப்பாக்குங்கள். கறுப்பு நிழலாகவே பார்த்தாலும் என்ன நடக்கிறது என்று புரிகிறதா? புரிந்தால் அது நல்ல கீ. பிறகு இன்னும் இரண்டு தாள். இந்தப் பாய்ச்சலுக்கு முன் குதிரை எப்படி நின்றிருக்கும்? பின்னங்கால் மடங்கி, பின்பக்கம் தாழ்ந்து, கழுத்து உள்வாங்கியிருக்கும். அடுத்து எப்படி இறங்கும்? முன்கால் தரையைத் தொட்டபிறகும் பிடரி இன்னும் மேலேதான் இருக்கும், வால் அதற்கும் பின்னால் வரும். ஒரு கல்லிலிருந்து மூன்று கீ கிடைத்துவிட்டது.

அமெரிக்க டிஸ்னி ஸ்டுடியோவில் பல்லாண்டு இருந்த ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் இந்த வேலையின் விதிகளை 12 ஆக வகுத்து 1981-ல் புத்தகமாகப் போட்டார்கள். பாய்வதற்கு முன் பதுங்குவதும், உடல் நின்றபின் வாலும் துணியும் தொடர்ந்து அசைவதும் அந்தப் பன்னிரண்டில் வருபவை. பன்னிரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு ராத்திரி தெருக்கூத்து பாருங்கள், பாதி வந்துவிடும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய வட ஆர்க்காட்டுப் பக்கம், ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, பெரிய வேஷம் நேராக வந்து நிற்காது. இருவர் திரையைப் பிடித்திருப்பார்கள். கீழே சலங்கைக் கால் தெரியும், மேலே கிரீடத்தின் முனை ஆடும், குரல் வரும். ஆள் வரப்போகிறான் என்று கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அப்புறம்தான் திரை விலகும். ஒரு கூத்து வாத்தியாரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, “திரை அவுக்கறதுக்கு முன்னயே பாதி வேஷம் ஆடி முடிச்சிருக்கணும்பா” என்றார். அனிமேஷனில் ஒருவன் அடிக்கும் காட்சி என்றால், கை முதலில் பின்னால் போவதற்கு ஆறேழு தாள் கொடுத்து, அடி விழுவதை ஒன்றிரண்டு தாளில் முடிப்பார்கள். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். அடியை நீட்டி நீட்டி வரைந்து, ஓங்குவதை மறந்துவிடுவார்கள். கூத்துக்காரர் கிறுகிறுவென்று சுற்றி நின்றபிறகு பாவாடை மட்டும் இன்னும் அரைச்சுற்றுச் சுற்றி அடங்கும், அதையும் கவனியுங்கள்.

அரிசி மூட்டை, பிறகு நடை

பந்துக்கு முகம் கிடையாது, ஆனால் உயிர் வந்துவிட்டது. அடுத்தது பாதி நிரம்பிய அரிசி மூட்டை. டிஸ்னியில் புதியவர்களுக்கு மாவு மூட்டை கொடுத்துப் பழக்கினார்கள், அதே பாடம்தான். நான்கு மூலை, நடுவில் கனம், அவ்வளவுதான். அதைச் சோகமாக உட்காரவையுங்கள். கோபமாகத் திரும்பவையுங்கள். கண்ணும் வாயும் வரையக்கூடாது. மேல்மூலை இரண்டும் தொங்கினால் சோகம், அடிப்பக்கம் முறுக்கிக்கொண்டால் கோபம். மூட்டை ஒழுங்காக நடித்துவிட்டால் மனிதன் சுலபம்.

நடைக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஓர் அடி எடுத்துவைக்க 12 பிரேம், இரண்டு அடிக்கு 24. 1-ஆம் தாளில் முன்குதிகால் தரையைத் தொடுகிறது. 3 அல்லது 5-ல் எடை முழுதும் இறங்கி உடம்பு தாழ்கிறது. 7-ல் பின்கால் முன்காலைக் கடக்கிறது. 9 அல்லது 11-ல் உடம்பு உயர்கிறது. 13-ல் மறுகால் தொடுகிறது. தலை உச்சியில் ஒரு புள்ளி வைத்து எல்லாத் தாளையும் பிளிப் செய்தால் அந்தப் புள்ளி அலை மாதிரி ஏறி இறங்கவேண்டும். நேர்கோட்டில் போனால் உங்கள் ஆள் நடக்கவில்லை, சக்கரத்தில் உருள்கிறான்.

இது பொதுவான நடை. யாருடைய நடையும் இது இல்லை என்பதுதான் சிக்கல். காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தலையில் மூட்டையோடு போகிறவருக்கு உடம்பு ஏறி இறங்காது, முழங்கால்தான் மடங்கி மடங்கிச் சமாளிக்கும். வண்டி கிளம்பப்போகிறது என்று ஓட்டமும் நடையுமாக வருபவருக்கு உடம்பு காலுக்கு முன்னால் சாய்ந்துவிடும். சி.எம்.சி.க்கு வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்களில், நோயாளியின் நடைக்குத் தன் நடையைச் சுருக்கிக்கொண்டு கூடவே வரும் ஒருவர் எப்போதும் இருப்பார். அந்த இரண்டு பேர் நடையை நான் பல வருடமாக வரைந்துபார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. முகம் அடையாளம் தெரிகிற மாதிரி யாரையும் வரையாதீர்கள், போனில் படமும் எடுக்காதீர்கள். பார்த்துவிட்டு வந்து நினைவிலிருந்து வரையுங்கள், அதுவும் ஒரு பயிற்சி.

படம் பிடிப்பது

எந்தத் தாள் எந்தப் பிரேமில் வரவேண்டும் என்று எழுதிவைக்கும் அட்டவணைக்கு எக்ஸ்போஷர் ஷீட் என்று பேர். ரூல் போட்ட நோட்டில் 24 வரி இருந்தால் போதும். பந்துக்கு 1, 2-ஆம் வரிகளில் தாள் 1, அடுத்த இரண்டு வரிகளில் தாள் 3 என்று 13 வரை எழுதுங்கள். பிறகு 15-ஆம் வரியில் தாள் 11, 17-ல் 9, 19-ல் 7, 21-ல் 5, 23-ல் 3. மறுபடி 1. எழுதாமல் நினைவில் வைத்துப் படம் பிடித்தால் நிச்சயம் ஒரு தாள் தப்பும், பந்து விக்கல் எடுக்கும்.

இரண்டு பக்கம் புத்தகம் அடுக்கி, மேலே ஒரு கண்ணாடித் துண்டில் போனைக் கவிழ்த்து வையுங்கள். பெக் கீழே டேப்பால் ஒட்டியிருக்கட்டும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ மாதிரியான ஆப்பில் நொடிக்கு 12 படம் என்று வைத்தால் ஒரு தாளுக்கு ஒரு கிளிக் போதும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் படம் கண்சிமிட்டும். ஏரோபிளேன் மோடும் போடுங்கள். பாதிப் படத்தில் யாராவது கூப்பிட்டுப் போன் அதிர்ந்தால், எல்லாம் முதலிலிருந்து. கம்ப்யூட்டர் இருப்பவர்கள் ஸ்கேன் செய்து கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் இரண்டில் ஒன்றில் போடலாம். இரண்டும் இலவசம்.

வண்ணத்தைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். மெக்கே காலத்தில் பின்னணியையும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரைந்தார்கள். 1914-ல் ஏர்ல் ஹர்ட் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தகட்டில் உருவத்தை மட்டும் வரைந்து பின்னணிமேல் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு அந்தத் தகடுகளில் மையும் வண்ணமும் இட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், படத்தில் பெயரே வராதவர்கள். நம் நாட்டில் 1956-ல் டிஸ்னியிலிருந்து கிளேர் வீக்ஸ் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். அங்கே சேர்ந்த இளைஞர்களில் ஒருவர்தான் பிறகு பத்மஸ்ரீ பெற்ற ராம் மோகன்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். பந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூட்டை இரண்டு வாரம். ஜப்பானில் ஜிப்லி ஸ்டுடியோ 2013-ல் வெளியிட்ட படத்தில் நான்கு நொடி வரும் ஒரு கூட்டக் காட்சிக்கு ஓர் அனிமேட்டர் ஒன்றேகால் வருடம் எடுத்துக்கொண்டார். வீட்டில் திட்டினால் இதைச் சொல்லுங்கள், என் வீட்டில் எடுபடவில்லை.

வரைந்த தாள்களை ரப்பர் பேண்டு போட்டு வைக்காதீர்கள். வேலூர் வெயிலில் ரப்பர் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். துளைகள் வழியாகப் பழைய ஷூ லேஸைக் கோத்து முடிச்சுப் போட்டு, மேல்தாளில் காட்சியின் பெயரும் தேதியும் எழுதி, பரண்மேல் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் வையுங்கள். லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கிய அந்தப் பந்தையும் சேர்த்தேதான்.